யூ பார்த்தினாவும் முப்பது நாள் இங்கிலீஷும்

முப்பதே நாளில் இங்கிலீஷ் பேசலாம் என்று எங்கள் நாட்டு பெக்காசி நகரத்திலேயே உட்கார்ந்துகொண்டு மிஸ்டர் டோனி என்று ஒருவன் வீடியோ போட்டான். எங்கள் ஊர்ச் சுற்றுலாக் குழு அதை நம்பியது. நம்பியதோடு விடாமல் எங்கள் தலையிலும் கட்டியது.

குழுத் தலைவர் பாக் தார்யோனோ, அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருடம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். முத்திரை இல்லாத எதையும், வெயில் மழையைக்கூட, முழுசாக நம்பமாட்டார். போரோபுதூர் பௌத்தக் கோயிலைப் பார்க்க வருகிற வெள்ளைக்காரர்களை வீட்டில் தங்க வைக்கிற நாங்கள் பதினோரு பேரும் மிஸ்டர் டோனியின் வகுப்பை போனில் படிக்க வேண்டும், கடைசியில் ஒரு விருந்தாளியை இங்கிலீஷில் வரவேற்று ஐந்து நிமிட வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும், எழுபது மார்க்குக்குக் குறைந்தால் இன்னொரு தடவை, அதிலும் போனால் வாசலில் இருக்கும் பச்சைப் பலகையைக் கழற்றிவிடுவோம் என்று அறிவித்தார். பலகை போனால் குழு ஆள் அனுப்பாது. ஆள் வராத அறையில் கோழி முட்டையிடும், அவ்வளவுதான்.

ஏழாம் நம்பர்ப் பலகை யூ பார்த்தினாவுடையது. எங்கள் பேச்சில் யூ என்றால் அக்கா, காங் என்றால் அண்ணன், பாக் என்றால் ஐயா. எட்டு என்னுடையது. நடுவில் ஒரு வரிசை மரவள்ளிச் செடி. இந்தப் பலகை வருவதற்கு முன்னால் அவர் பாபேலான் ஆற்றில் கல் உடைத்துக்கொண்டிருந்தார், பத்தொன்பது வருடம். மெராபி எரிமலை கக்குகிற கல்லுக்கும் குறைவில்லை, வாங்குகிற லாரிக்கும் குறைவில்லை. புருஷன் வர்தோயோ அந்த லாரி ஒன்றிலிருந்து விழுந்து இடுப்பு போய் வீட்டோடு இருக்கிறார். ஆறு வருடம் முன்பு இரண்டு அறைக்குச் சுண்ணாம்பு அடித்துப் பலகை மாட்டிய அன்று, சுத்தியலைக் கோழிக்கூட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு அதற்கப்புறம் யூ பார்த்தினா ஆற்றுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

ஏழாம் நம்பர் எப்போதும் நிரம்பியிருக்கும். காரணம் அவர் சமையல். அங்கே இடம் இல்லாவிட்டால்தான் எட்டாம் நம்பருக்கு ஆள் வரும். என் வீட்டில் காலைச் சாப்பாடு என்றால் பாக்கெட் நூடுல்ஸ், மேலே ஒரு முட்டை. அதில் ஒரு குறையும் இல்லை என்பது என் கருத்து. வருகிறவர்களுடைய கருத்து வேறாக இருந்தால் அதற்கு நான் என்ன செய்ய?

மிஸ்டர் டோனிக்குத் தலைமுடி சோளக்கதிர் நிறம். பின்னால் லண்டன் பாலம் ஒட்டிய சுவர். அந்தப் பாலத்தின் மேல் ஐந்தாம் பாடத்தில் ஒரு பல்லி சாவகாசமாக நடந்துபோனது. முதல் நாள், விமானத்தில் பெட்டி தொலைந்துவிட்டால் என்ன சொல்வது. நான்காம் நாள், மாட்டுக்கறியை எந்த அளவு வேக வைக்கச் சொல்லி ஹோட்டலில் கேட்பது. ஒன்பதாம் நாள், பனி கொட்டுகிறதே என்று பக்கத்து வீட்டுக்காரனிடம் அலுத்துக்கொள்வது. எங்கள் ஊரில் பனி கொட்டினால் பேச்சா வரும்? எல்லாரும் மசூதியில் இருப்போம்.

பாடம் முடிந்ததும் பயிற்சி. வீட்டுச் சாமான்கள்மேல் இங்கிலீஷ் பெயரை எழுதி ஒட்டச் சொன்னான். யூ பார்த்தினா கதவு, அடுப்பு, உரல் என்று எல்லாவற்றிலும் ஒட்டி, கடைசியில் ஆட்டின் கொம்பிலும் ஒட்டினார். ஆடு அதைத் தின்றுவிட்டது. போனில் சொல்லிக் காட்டினால் உச்சரிப்புக்குப் பாராட்டு வரும் என்றார்கள். அவர் வாயைத் திறப்பதற்குள் சேவல் கூவியது. போன் சேவலைப் பார்த்து ‘அமேசிங்’ என்றது.

நான் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வீடியோவைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு மாட்டுக்குப் புல் போடப் போய்விடுவேன். முடிந்ததும் போனில் குழுவுக்கு ஒரு கட்டைவிரல் படம் போடுவேன். பத்துப் பேரும் அப்படித்தான். யூ பார்த்தினா ஒருவர்தான், போனைத் தேங்காய்த் துருவியின்மேல் சாய்த்து வைத்து, முப்பது பாடத்தையும் வரி விடாமல் படித்தவர். தொலைந்த பெட்டியைப் பற்றி அவர் முறையிட்டுக் கேட்டால் விமானக் கம்பெனிக்காரன் தன் பெட்டியைக் கொடுத்துவிடுவான்.

பரீட்சைக்குப் பேச வேண்டியதையும் டோனியே எழுதிக் கொடுத்திருந்தான். வெல்கம் டு மை பியூட்டிஃபுல் ஹோம். என் அறை சுத்தமானது, என் கட்டில் மெத்தென்றிருக்கும், ஊரிலேயே சிறந்த காலைச் சாப்பாடு என்னுடையது. இப்படியே இரண்டு பக்கம். யூ பார்த்தினா அதை மனப்பாடம் செய்துவிட்டு என்னிடம் வந்து நின்றார்.

“காங், இதை எப்படி வாய் கூசாம சொல்றது? என் வீடு அழகு, என் சமையல் ருசின்னு நானே சொன்னா வந்தவ என்னை என்னன்னு நினைப்பா?”

“நான் சொன்னேனே, யூ. தொண்ணூத்திரெண்டு மார்க்கு.”

“உங்களுக்கென்ன, கூச்சம்னா என்னன்னு கேப்பீங்க.”

அவர் கவலையிலும் நியாயம் இருந்தது. எங்கள் பக்கத்தில் எருமை வெட்டிக் கல்யாணம் பண்ணுகிறவன்கூட, ஒன்றுமே இல்லை, மனசு வைத்து மன்னிக்கணும் என்று சொல்லிவிட்டுத்தான் தட்டைக் காட்டுவான். வந்தவன், ஐயோ இவ்வளவு எதற்கு என்பான். இரண்டு பேரும் பொய் சொல்லி, இரண்டு பேருக்கும் உண்மை தெரிந்து, நன்றாகச் சாப்பிடுவார்கள். இதுதான் முறை.

விருந்தாளியாக வந்தவள் ஐனோ. பின்லாந்துக்காரி, நெட்டைக்கொக்கு, பேச்சைக் கணக்காகச் செலவழிப்பவள். யூ பார்த்தினா பாத்திக் கைலி கட்டி, மேஜையில் ஏழு வகை வைத்திருந்தார். தேங்காய்ப்பால் ஊற்றிய லோடே குழம்பு, புகை காட்டிய கெளுத்தி மீன், சோயாவில் செய்த தெம்பே வறுவல், மரவள்ளி இனிப்பு. மணம் என் வீடு வரைக்கும் வந்தது. குழுவின் செயலாளன் என்பதால் போனைப் பிடித்தது நான்.

யூ பார்த்தினா இரண்டு கையையும் கோத்துக்கொண்டு, டோனியே மெச்சும் உச்சரிப்பில் சொன்னார்: “ஸாரி. ஹவுஸ் அக்லி. பெட் ஹார்ட். ஃபுட் நாட் டேஸ்டி. ப்ளீஸ், ஃபர்கிவ்.”

பின்லாந்தில் சொன்னால் சொன்னதுதான் போலிருக்கிறது. போதாததற்கு ஒருவன் போனை நீட்டிக்கொண்டு நிற்கிறான், ஏதோ சட்டப்படி எச்சரிக்கை செய்கிறார்கள் என்று ஐனோ நினைத்துக்கொண்டாள். வேறு வீடு கிடைக்குமா என்று என்னைக் கேட்டாள். அந்த நேரத்தில் எனக்கு இங்கிலீஷ் வெள்ளமாக வந்தது. “எஸ். மை ஹவுஸ். நியர்” என்றேன். அவள் பையைத் தூக்கிக்கொண்டாள். ஏழு வகையும் தொடாமல் மேஜையில் இருந்தது.

மார்க் முப்பத்தொன்று. தன் பொருளைத் தானே குறைசொல்லும் வியாபாரியை வாழ்நாளில் பார்த்ததில்லை என்று டோனி எழுதியிருந்தான். சனிக்கிழமைக்குள் இன்னொரு வீடியோ வராவிட்டால் ஸ்க்ரூ டிரைவரோடு வருவதாக பாக் தார்யோனோ சொல்லி அனுப்பினார். எனக்கு வருத்தம் என்று சொன்னால் நாக்கு அழுகிப் போகும். ஏழாம் நம்பர் மூடினால் எட்டாம் நம்பருக்கு வருடம் முழுக்கத் திருவிழா. இரண்டாவது வாய்ப்பெல்லாம் எதற்கு என்று பாக் தார்யோனோவின் காதில் போட்டுவைத்தவனும் நான்தான். நல்லவேளை, அந்த வாய்ப்பு ஏற்கெனவே முத்திரை குத்திய தாளில் இருந்தது.

வியாழன் மத்தியானம் மரவள்ளி வரிசைக்கு அந்தப் பக்கம் டொக் டொக் என்று சத்தம். எட்டிப் பார்த்தேன். வர்தோயோ திண்டில் சாய்ந்து உட்கார்ந்து பழைய சுத்தியலுக்குப் புதுக் கைப்பிடி மாட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் யூ பார்த்தினா, உள்ளங்கையைப் பழந்துணியால் சுற்றி, பிடி சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். “சும்மா, எதுக்கும் இருக்கட்டும்னுதான்” என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் அவசர வேலை இருப்பதுபோல் உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் காலை ஐனோ என் வீட்டு முன்கூடத்தில் நூடுல்ஸை முள்கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தாள். சாப்பிடுகிற அறிகுறி இல்லை. என் வீட்டைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லச் சொல்லி, விளம்பரத்துக்காக போனை ஓடவிட்டிருந்தேன். அவள் யோசித்தாள். யோசித்துக்கொண்டே இருந்தாள்.

அப்போது யூ பார்த்தினா மூடிய தட்டோடு வந்தார். ஆளைத் திருப்பி அழைத்துப் போக வரவில்லை. தன் வாசலில் கால் வைத்தவள் பசியோடு போய்விட்டாளே என்று மூன்று நாளாக அவருக்குச் சோறு இறங்கவில்லை. தட்டை வைத்துவிட்டு சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு நிமிர்ந்து நின்று ஆரம்பித்தார்.

“வெல்கம் டு திஸ் பியூட்டிஃபுல் ஹோம்.”

டோனி எழுதிய இரண்டு பக்கமும் ஒரு சொல் சிந்தாமல் வந்தது. அறை சுத்தம். கட்டில் மெத்து. என் நூடுல்ஸைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, ஊரிலேயே சிறந்த காலைச் சாப்பாடு என்றார். அடுத்தவன் வீடு அல்லவா, கூச்சம் எதற்கு? பாடத்தில் இல்லாததையும் சேர்த்துக்கொண்டார். இந்த வீட்டுக்காரர் நல்லவர், மிகவும் நேர்மையானவர். எனக்குக் காது சுட்டது. ஐனோ சிரித்தாள், கேள்வி கேட்டாள், தட்டிலிருந்த கெளுத்தி மீனைத் தின்றுகொண்டே கேட்டாள். சூரிய உதயத்துக்கு எந்தக் குன்று நல்லது, மெராபிப் பக்கம் கறுத்தால் ஆற்றில் ஏன் இறங்கக் கூடாது என்று யூ பார்த்தினா உடைந்த இங்கிலீஷில் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். அந்த வெள்ளைக்காரிக்கு எல்லாம் புரிந்தது.

அவர் போனபிறகு போனைப் பார்த்தேன். ஆறு நிமிடம் ஓடியிருந்தது. விரல் அழிக்கிற பொத்தானுக்குத்தான் முதலில் போனது, அதையும் சொல்லிவிடுகிறேன். என்னை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது. பிறகு ‘ஏழாம் நம்பர், பார்த்தினா’ என்று எழுதி டோனிக்கு அனுப்பினேன்.

தொண்ணூற்றைந்து வந்தது. தன் வீட்டை இவ்வளவு நேசிக்கும் மாணவியைப் பார்த்ததில்லை என்று எழுதியிருந்தான்.

சனிக்கிழமை ஊர்மன்றத்தில் சான்றிதழ் விழா. அந்த வீடியோவைப் பெரிய திரையில் போட்டார்கள். என் நீல நாற்காலி, என் காலண்டர், என் நூடுல்ஸ். அறுபது பேர் பார்த்தார்கள், ஒருவரும் தும்மக்கூட இல்லை. என் மகள் கல்யாணத்தில் அதே நாற்காலியில் மூன்று மணிநேரம் உட்கார்ந்த பாக் தார்யோனோ, முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“காங், இது ஏழாம் நம்பர் வீடுதானே?”

“ஆமாங்க, பாக்.”

“செயலாளர் சொன்னா சரி” என்று குத்தினார்.

வெளியே வரும்போது யூ பார்த்தினா சான்றிதழை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார். முகம் வெளிறியிருந்தது.

“என்ன காங் இது, அத்தனை பேருக்கு நடுவுல பொய் சொல்லிட்டீங்களே.”

“நீங்க என் வீட்டைப் பத்திச் சொன்னதை விடவா, யூ?”

அவர் நின்றுவிட்டார். “நான் பொய் சொல்லலையே. நெஜமாத்தான் சொன்னேன்.”

வீட்டுக்கு வந்ததும் ஐனோவின் பையை நானே தூக்கிக்கொண்டு போய் ஏழாம் நம்பர் வாசலில் வைத்தேன். யூ பார்த்தினா ஓடி வந்து கைகளைக் கோத்துக்கொண்டு, வீடு அசிங்கம், கட்டில் கல்லு, சாப்பாடு சுமார் என்று மறுபடி ஆரம்பித்தார். ஐனோ திகைத்துப்போய் என் முகத்தைப் பார்த்தாள்.

தொண்ணூற்றிரண்டு மார்க் வாங்கிய என் வாயிலிருந்து, எந்தப் பாடத்திலும் இல்லாத இரண்டு சொல் வந்தது. “ஷி லை” என்றேன்.

ஐனோ செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.