முனிரத்தினம் அண்ணன் சொல்லிக்கொண்டு வந்த வேகங்கள்

முனிரத்தினம் அண்ணன் இன்று காலை இறந்துவிட்டார். இப்போதுதான் அவர் மகள் போன் செய்தாள்...

எண்பதுகளில் திருத்தணியிலிருந்து எங்கள் ஊருக்கு ஓடிய ஒரே பிரைவேட் பஸ்ஸின் டிரைவர் அவர். நான் அப்போது திருத்தணியில் பிளஸ் ஒன்.

ஹாஸ்டலில் இடம் வேண்டுமென்றால் ஊர் பதினாறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். இடம் இல்லையென்றால் படிப்பை நிறுத்திவிடுவதாக அப்பா சொல்லியிருந்தார்.

வார்டன் மேடம் மேப்பில் ஸ்கேல் வைத்தார். பதினாலு.

"ரோடு சுத்திகினு வருது மேடம்" என்றேன்.

"அதுக்கு ப்ரூஃப்?"

எங்கள் சாலையில் மைல்கல் கிடையாது. பஸ்ஸில் கிலோமீட்டர் எண்கள் எப்போதோ நின்றுபோயிருந்தன. வேகம் காட்டும் முள் மட்டும் ஆடும்.

லைப்ரரி கால்குலஸ் புத்தகத்தில் வழி இருந்தது. நேரத்தைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் வேகம் மாறவில்லை என்று வைத்துக்கொண்டு அதை நேரத்தால் பெருக்க வேண்டும். பிறகு எல்லாவற்றையும் கூட்ட வேண்டும்.

அண்ணனிடம் சொன்னேன். "நீ எட்டி எட்டிப் பாக்காத. நானே சொல்லிகினு வரேன், எழுதிக்கோ."

அரை நிமிடத்துக்கு ஒருமுறை கையைத் தூக்குவேன். "முப்பது... மேடும்மா, பதினெட்டு... இப்ப நாப்பது."

"இன்னா டிரைவரே, ஏலம் வுடுறியா?" பின்சீட்டிலிருந்து ஒருவர். பஸ்ஸே சிரித்தது.

ஒவ்வொரு துண்டிலும் தொடக்க வேகம், முடிவு வேகம் இரண்டில் குறைந்ததையே எடுத்தேன். அதிகமாகப் போட்டேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அப்படியும் பதினேழைத் தாண்டியது.

சாட்சி சொல்ல அண்ணன் காக்கிச் சட்டையோடு ஹாஸ்டலுக்கு வந்தார். மேடம் அவரை கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தினார்.

"பஸ் ஓட்டுறவன் வாய்க்கு வந்த நம்பரைச் சொல்வான், நீ கூட்டுவே. இது ஒரு கணக்கா?"

தாளை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை.

அதற்குப் பிறகு என் ஸ்பெஷல் கிளாஸ் முடியும்வரை அண்ணன் சாயங்கால பஸ்ஸை எடுக்காமல் நிற்பார். இருட்டுவதற்குள் வீடு சேர்ந்ததால் அப்பாவும் படிப்பை நிறுத்தாமல் விட்டுவைத்தார். பாசஞ்சர்கள் திட்டுவார்கள். முதலாளி காதுக்குப் போனதும் அவரை வேறு ரூட்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

புது டிரைவர் நிற்கவில்லை. ஒரு நாள் இருட்டிய பிறகு வீடு வந்து சேர்ந்தேன். மறுநாளிலிருந்து அப்பா அனுப்பவில்லை.

மேடம் ரிடையர் ஆனபோது விழா எடுத்தார்கள். பெண் கல்விக்கு உழைத்தவராம். பேச்சுகள், மாலை, எல்லாம்...

வருடங்கள் கழித்து அண்ணனைச் சந்தையில் பார்த்தேன். முடி நரைத்திருந்தது.

"இன்னாம்மா, அப்பறமாச்சும் ஹாஸ்டல்ல சேத்துக்கினாங்களா?"

அவர் முகத்தைப் பார்த்து, "ஆங் அண்ணே" என்றேன்.

நாளைக் காலை கனகம்மாசத்திரத்தில் அடக்கம்.

போயிட்டு வாங்கண்ணே... அவங்க சேத்துக்கவே இல்ல.