டாக்டர்தான் கொலைகாரன்

பிள்ளைகளே, உங்கள் அம்மா சினிமாக் கொட்டகைக்குள் ஏன் காலே வைப்பதில்லை என்று பலமுறை கேட்டிருக்கிறீர்கள். அவள் சொல்லமாட்டாள். நான் சொல்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவனின் எழுத்து இது. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். கோபத்தை மட்டும் திருத்தாதீர்கள், அது அப்படியே இருக்கட்டும்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். விழுப்புரத்தில் ஒரு டூரிங் கொட்டகையில் எனக்கு நோட்டீஸ் வண்டி வேலை. மாட்டுவண்டியின் இருபுறமும் படத்தட்டி கட்டியிருக்கும். மேளக்காரர் அடித்து நிறுத்தியதும், நான் தகரக் குழாயை வாயில் வைத்து, என்ன படம் ஓடுகிறது என்று ஊர் ஊராகக் கத்தவேண்டும்.

அப்போது ஒரு துப்பறியும் படம் வந்தது. அது எந்த நாவலிலிருந்து எடுத்ததோ, அதை நான் முன்பே உங்கள் அம்மாவுக்கு, அவள் சமைக்கும் வேளைகளில் வாசித்துக் காட்டியிருந்தேன். இங்கிலீஷிலிருந்து தமிழுக்கு வந்த கதை. சீமைப் பங்களா மதராஸ் பங்களா ஆகியிருக்கும், அவ்வளவுதான். பணக்கார வீட்டில் கொலை, வேலைக்காரன்மேல் பழி. கடைசியில் துப்பறிகிறவர் பிடிப்பதோ, எல்லாருக்கும் மருந்து கொடுத்த குடும்ப டாக்டரை. அந்த டாக்டர் நடமாடுவதைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்று அவளுக்கு ஆசை. பெரியவனே, நீ அப்போது அவள் வயிற்றில். தரையில் உட்கார்ந்தால் எழ முடியாது என்று பெஞ்சு டிக்கெட்டே வாங்கினேன்.

படம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்தான். முதலாளி டார்ச் விளக்கோடு வந்தார். பின்னால் நிலபுலன் உள்ள ஒரு குடும்பம் நின்றது.

"எய்ந்திரு, எய்ந்திரு. உங்க தெருவுக்குத் தரைதான்னு தெரியாது?"

"டிக்கெட் கீதுங்க முதலாளி. புள்ளத்தாச்சிங்க."

"புள்ளத்தாச்சிக்கு மணலு மெத்துனு இருக்கும்டா. பெஞ்சு குத்தும்!"

கொட்டகையே சிரித்தது. அவள் எழுந்தாள். தரையில் உட்காராமல் நேராக வெளியே நடந்தாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் பேசினாள். "எல்லாரும் சிரிச்சாங்க, பாத்தீங்களா?"

அந்த முதலாளியைக் காலிக் கொட்டகையில் தனியாக உட்காரவைக்கவேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

சீக்கிரமே கொட்டகை அதே படத்தோடு திண்டிவனத்துக்குப் பெயர்ந்தது. வேலையை விடாமல் நானும் போனேன். துப்பறியும் படத்துக்கு உயிரே ரகசியம்தான், அதை உடைத்துவிட்டால் யார் வருவார்கள்? திருவக்கரைக் கோயிலில் பௌர்ணமிக் கூட்டம். வண்டியை அங்கே நிறுத்தி, குழாயை வாயில் வைத்தேன்.

"கொலை பண்ணவன் டாக்டர்தான்! கண்ணாடி போட்டுக்கினு நாடி புடிக்கிறானே, அவன்தான்! இதத் தெரிஞ்சிக்கத் திண்டிவனம் வரைக்கும் போவாதீங்க!"

மேளக்காரர் குச்சியைக் கீழே போட்டுவிட்டார். "இன்னாய்யா, பைத்தியமா புடிச்சிருக்கு உனக்கு?"

ஆனால் மல்லாட்டைக் கடலை விற்றுக்கொண்டிருந்த அம்மாள் கூடையோடு எழுந்துவந்தாள். "அப்பிடியா? வூட்டு டாக்டரா? அந்தப் பாவி மூஞ்சிய நான் பாக்கணுமே!"

"அதான் சொல்லிட்டேனே, இன்னும் எதுக்கும்மா பாக்கணும்?"

"போய்யா. கூத்துல யாரு சாவப்போறான்னு தெரியாமயா விடிய விடிய முழிச்சிக்கினு கீறோம்?"

அன்றைக்கு ஆட்டத்துக்கு வண்டி வண்டியாக வந்தார்கள். திரையில் டாக்டர் தலை தெரிந்ததும், "வந்துட்டான்டா பாவி!" என்று மணலை வாரி இறைத்தார்கள். அவன் மருந்தை நீட்டினால், "குடிக்காதம்மா, வாணாம்!" என்று பெண்கள் அலறினார்கள். துப்பறிகிறவர் தோட்டத்தில் பூதக்கண்ணாடியோடு குனிந்தபோது, "அங்க இன்னாத்தத் தேடிக்கினு கீற? பின்னாலதான் நிக்கிறான், பாருய்யா!" என்று ஒருவர் திட்டினார். நான் தட்டி ஓரம் நின்று பல்லைக் கடித்தேன். மறுநாள் அதைவிடக் கூட்டம்.

முதலாளி கூப்பிட்டனுப்பினார். நாற்காலியில் சாய்ந்திருந்தார், வாயெல்லாம் வெற்றிலை.

"பலே ஆளுடா நீ! இப்பிடி ஒரு விளம்பரம் எவனுக்குத் தோணும்? உன் பொண்டாட்டிய ஒருநாள் இட்டுக்கினு வா. பெஞ்சிலயே உக்கார வைக்கிறேன், போ."

மணலில் போ என்றபோதுகூட என் உடம்பு அப்படி எரியவில்லை.

"அவங்க வரமாட்டாங்க முதலாளி. கொலைகாரன் யாருன்னு அவங்களுக்குத் தெரியும்" என்றேன். குழாயை அவர் மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தேன். அவருக்கு அது புரிந்ததோ இல்லையோ, அதுபற்றி எனக்குக் கவலையில்லை.

நல்ல மத்தியான வெயில். ரயிலடிக்குப் போகிற வழியில் ஒரு சுவரில் அந்தப் படத்தின் வால்போஸ்டர் இருந்தது. அடியில் கொட்டை எழுத்தில் முதலாளியின் பெயர். தெருவில் யாரும் இல்லை. துண்டைக் குட்டையில் நனைத்து, அந்த ஒரு வரியின்மேல் மட்டும் ஒத்தி ஒத்தி எடுத்தேன். பசை இளகியதும் நகத்தால் ஓரத்தை நெம்பி, ஒரே பட்டையாக உரித்தேன். டாக்டரும் துப்பறிகிறவரும் மேலே பத்திரமாக இருந்தார்கள். உரித்ததைச் சாக்கடையில் போட்டு, எழுத்தெல்லாம் கறுப்புத் தண்ணீருக்குள் போகும்வரை குச்சியால் அழுத்திக்கொண்டு நின்றேன்.