பதினாலடிப் படகும் ஒரு பக்கெட்டுத் தண்ணீரும்

அணையில் மீன் பிடிக்கிற தொழிலில் வலை விடுகிறவர் பேர் ஊருக்கெல்லாம் தெரியும். துடுப்புப் போடுகிறவள் பேர் சங்கத்து நோட்டில்கூட இருக்காது. எங்கள் பக்கம் புருசன் பெண்டாட்டி ரெண்டு பேரும் சேர்ந்துதான் பரிசலில் போவோம். வலையை விடுவதும் எடுப்பதும் அவர். போய் வருகிற தூரம் முழுக்க என் தோள்பட்டை.

நான் அஞ்சாவதோடு நின்றவள். வீட்டுக்கு நாலு பேர் வந்தால் கதவுக்குப் பின்னால் நிற்கிற ஆள். இருந்தும் இதை எழுத உட்கார்ந்தேன், ஏனென்றால் உங்களில் பாதிப் பேருக்கு இது நடந்திருக்கும். மாவாட்டப் போவது நீங்கள், கிரைண்டர் கடைக்காரர் விளக்கம் சொல்வது உங்கள் வீட்டுக்காரருக்கு. இல்லையா?

பேர் குடுத்தாச்சு

ஊருக்குள் கேபிள் டி.வி. வந்த வருஷம். பரிசலுக்குப் பதிலாக அலுமினியப் படகு தருவதாக மீனவர் சங்கத்தில் சொன்னார்கள். கோயமுத்தூர்ப் பட்டறை ஒன்றில் செய்தது. ரெண்டு தினுசைக் கரையில் கொண்டு வந்து இறக்கினார்கள். ரெண்டும் பதினாலடி. ஒன்று கூர்மூக்கு: முன்பக்கம் கத்தி மாதிரி, அடியும் கூர், ஓரம் உயரம். இன்னொன்று தட்டை: அடி பலகை மாதிரி, மூக்கு மொட்டை, ஓரம் தணிவு. எது வேண்டும் என்று ஒவ்வொரு வீட்டுக்காரரும் பேர் கொடுக்க வேண்டும். படகு கைக்கு வந்துவிட்டால் மாற்ற முடியாது.

எனக்கு இருந்த கவலை பாப்பாவைப் பற்றித்தான். ஒன்றரை வயசு. விட்டுவிட்டுப் போக வீட்டில் ஆள் இல்லை, என் அம்மா இருப்பது கொடுமுடியில். பரிசலின் நடுவில் சாக்கு விரித்துப் படுக்க வைத்து, அவள் இடுப்பில் ஒரு துணியைக் கட்டி, மறுமுனையை என் கணுக்காலில் கட்டிக்கொள்வேன். அவசரத்துக்கு நான் ஒரே இழுப்பில் அவிழ்க்கிற முடிச்சு. புதுப் படகில் இவள் எங்கே படுப்பாள், படகு சாய்ந்தால் எந்தப் பக்கம் உருளுவாள் என்று யோசித்துக்கொண்டே சோறு போட்டேன். எங்கூட்டுக்காரர் பிசைந்துகொண்டே சொன்னார்: "கூர்மூக்குக்குப் பேர் குடுத்துப்போட்டேன் புள்ள. பாக்கறதுக்கே என்ன அம்சமா இருக்குது தெரியுமா?"

ஆளுக்கொரு ஊர்

அடுத்த நாள் ஓட்டிப் பார்க்க விட்டார்கள். முதலில் ஏறியது சென்னியண்ணன். எங்கள் பக்கத்து வீடு, கரையில் பெரிய வாய். அவர் சம்சாரம் ராசாமணியும் கூட ஏறினாள், கல்யாணமாகி வருஷம்கூட ஆகாதவள். பரிசலுக்கு முன்னாலும் கிடையாது, பின்னாலும் கிடையாது. வட்டம்தானே, நாம் உட்காருகிற பக்கம்தான் முன்பக்கம். தண்ணீரை நம் பக்கம் வாரி வாரி இழுத்தால் போய்க்கொண்டே இருக்கும். அந்தப் பழக்கத்தில் சென்னியண்ணன் ஒரு கோடியில் உட்கார்ந்து தன் பக்கம் இழுத்தார். ராசாமணி மறுகோடியில் உட்கார்ந்து தன் பக்கம் இழுத்தாள்.

படகு நின்ற இடத்திலேயே நின்றது. ரெண்டு பேருக்கும் வேர்த்து ஊற்றுகிறது. அடுத்தவர் சரியாகப் போடவில்லை என்று ரெண்டு பேருக்கும் கோபம். கரையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அப்புறம் அதையேதான் செய்தார்கள், நானும் சேர்த்தி. படகுகளோடு வந்திருந்த கோயமுத்தூர்ப் பட்டறைக்காரர் கையைத் தட்டிக் கூப்பிட்டார்: "ஏனுங்க, புருசன் பெண்டாட்டி ஆளுக்கொரு ஊருக்குப் போறீங்களா?"

பக்கெட்டு

எங்கள் முறை வந்தது. நான் வீட்டிலிருந்து கொண்டு போன பிளாஸ்டிக் பக்கெட்டில் தளும்பத் தளும்பத் தண்ணீர் மொண்டு, கூர்மூக்கின் நடுவில் வைத்தேன். "வலையை இழுக்கற மாதிரி இழுங்க மாமா" என்றேன். எங்கூட்டுக்காரர் ஓரமாக நின்று, ஊறின வலையைக் கல்லோடு சேர்த்துக் கைமாற்றி இழுத்தார். படகு ஒருச்சாய்ந்தது. பக்கெட்டு கவிழ்ந்து உருண்டு ஓரத்தில் போய் மோதியது. அப்புறம் அதே பக்கெட்டைத் தட்டையில் வைத்தேன். ஒரு கை தண்ணீர் சிந்தியது, அவ்வளவுதான்.

கரையில் இருபது ஆம்பிளைகள். சங்கத்துச் செகரெட்டரி, "அம்மணி மீன் புடிக்கப் போகுதா, தண்ணி விக்கப் போகுதா?" என்றார். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "பக்கெட்டு இருந்த எடத்துல எம்புள்ள படுக்குமுங்க. எங்களுக்குத் தட்டைன்னு எழுதுங்க." எங்கூட்டுக்காரர் முகம் சுண்டிவிட்டது. பேர் கொடுத்தாச்சு புள்ள, மாத்தினா மரியாதையா என்று முணுமுணுத்தார். "அப்படின்னா துடுப்பும் நீங்களே போட்டுக்குங்க, நான் வர்லீங்க" என்றேன். கல்யாணமான நாலு வருஷத்தில் வீட்டுக்கு வெளியே நான் அவரை எதிர்த்துப் பேசியது அன்றைக்குத்தான். அவர் பக்கெட்டைப் பார்த்தார், என் இடுப்பில் இருந்த பாப்பாவைப் பார்த்தார். அப்புறம் செகரெட்டரியிடம், "தட்டைன்னே எழுதிக்குங்க. இவ இல்லாம எனக்குப் படகு எதுக்குங்க?" என்றார்.

கொதிக்கிற தரை

தட்டையில் குறையே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வெயில் ஏறினால் அலுமினியம் தோசைக்கல். பாப்பா கால் வைத்து வீறிட்டாள். சாக்கை நனைத்து நனைத்துப் போட்டேன், அரை மணியில் காய்ந்துவிடும். ஆணி தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கப் பட்டறைக்காரர் வந்தபோது இதைச் சொன்னேன். "அலுமினியம்னா சுடுமுங்க அம்மணி. கோயமுத்தூர்ல ஒருத்தரும் குறை சொன்னதில்லீங்க" என்றார்.

உச்சி வெயில். "செருப்பைக் கழட்டிப்போட்டுப் படகுல ஏறிச் சித்தே நில்லுங்க" என்றேன். பெரிய மனுசன், மறுக்க முடியாமல் கழட்டினார். ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றார். அப்புறம் ரெண்டு காலும் தண்ணீருக்குள் இருந்தன. அங்கிருந்தே சொன்னார்: "அடுத்த லோடுக்கு அடியில மரப்பலகை வெச்சுக் குடுத்தர்றனுங்க, உங்களுக்கும் ஒண்ணு கொண்டாறேன்."

ஆடிக் காத்து

ஆடி பிறந்தது. மேற்கே இருந்து அடிக்கிற காற்றில் அணை முழுக்க அலை. கூர்மூக்குகள் அலையைக் கிழித்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தன. எங்கள் தட்டை அலைக்கு அலை சடார் சடாரென்று அடி வாங்கிக்கொண்டு, நான் எவ்வளவு இழுத்தும் கேட்காமல், எதிர்க்கரைக்குப் போய் ஒதுங்கியது. காற்று தணிகிற வரைக்கும் வேலங்காட்டு நிழலில் உட்கார்ந்திருந்தோம். எங்கூட்டுக்காரர் கூர்மூக்குகள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைதான் சுருக்கென்றது. மீன் எடுக்க வருகிற ஐஸ் வண்டி போன பிறகுதான் எங்கள் கரைக்கு வந்தோம். அன்றைக்குப் பிடித்த மீனைப் பாதிதான் விற்க முடிந்தது.

அதற்காக நான் படகைக் குறை சொல்லவில்லை. அப்புறம் ஆடி முழுக்கக் காற்று எழும்புகிறதற்கு முன்னால் கிளம்பி, கரையோரமாகவே போய், கரையோரமாகவே வந்தேன். தோள் வலித்தது. பாப்பா தூங்கினாள். ஆனால் சென்னியண்ணன் விடுவாரா? தினமும் கரையில் நின்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்வார்: "தாம்பாளத்துல ஏறிப் போனா, தாம்பாளம் போற ஊருக்குத்தான் போகோணும் அம்மணி!"

முங்கின மரம்

அணை கட்டும்போது முங்கிப்போன மரங்கள் இன்னும் அடியில் நிற்கின்றன. ஐப்பசியில் ஒரு காலை, சென்னியண்ணன் வலை ஒரு மரத்தில் மாட்டிக்கொண்டது. இழுத்தார், வரவில்லை. ராசாமணியும் எழுந்து வந்து அதே ஓரத்தில் நின்று இழுத்தாள். கூர்மூக்கு ஒருச்சாய்ந்தது, ரெண்டு பேரையும் கொட்டிவிட்டுக் கவிழ்ந்துகொண்டது. படகுக்குள் காற்றடைத்த பெட்டி இருந்ததால் முங்கவில்லை. ரெண்டு பேரும் அதைப் பிடித்துக்கொண்டு கூப்பாடு போட்டார்கள்.

நாங்கள்தான் பக்கத்தில் இருந்தோம். மொட்டை மூக்குப் பக்கமாக ஒவ்வொருத்தராக ஏற்றினோம். தட்டை கொஞ்சம் தணிந்தது, சாயவில்லை. சென்னியண்ணன் தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, எங்கள் தாம்பாளத்தின் ஓரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நடுவில் பாப்பா கண் விழித்து அவரைப் பார்த்துச் சிரித்தாள். ராசாமணி பாப்பாவின் சாக்கைத் தொட்டுப் பார்த்தாள், காய்ந்திருந்தது. புருசன் பக்கம் திரும்பாமல் என்னிடம் சொன்னாள்: "எனக்கு மூணு மாசமுங்க அக்கா, இன்னும் இவருகிட்டக்கூடச் சொல்லல. அந்தப் படகுல எம்புள்ளைய நான் எங்கே படுக்க வைக்கறது?"

ரெண்டாவது லோடு

அடுத்த வெயில் காலத்தின் கடைசியில் ரெண்டாவது லோடு வந்தது. அடியில் மரப்பலகை போட்டிருந்தது, பட்டறைக்காரர் சொன்ன வாக்குத் தவறவில்லை. தன் கூர்மூக்கை மாற்றித் தரச் சொல்லிச் சென்னியண்ணன் செகரெட்டரி வீட்டுக்கு நடையாய் நடந்து, ஒருவழியாகச் சம்மதம் வாங்கியிருந்தார். ஆம்பிளைகள் எல்லாரும் வழக்கம்போல முன்னால் நின்று படகைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஊருக்குள்ளிருந்து பெண்கள் வந்தார்கள். ராசாமணியின் ஒரு கையில் குழந்தை, மறு கையில் பச்சைப் பக்கெட்டு. அவளுக்குப் பின்னால் இன்னும் ஏழு பேர், ஏழு பக்கெட்டு. ஒருத்தி குடமே கொண்டு வந்துவிட்டாள்.

நான் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை, சத்தியமாக. கூட்டத்துக்குக் கடைசியில்தான் நின்றேன். பட்டறைக்காரர் பக்கெட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார், அப்புறம் என்னைத் தேடிப் பார்த்தார், தன் காலில் செருப்பு இருக்கிறதா என்று குனிந்தும் பார்த்துக்கொண்டார். கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டார்: "ஏனுங்க அம்மணிகளா, ஒவ்வொருத்தரா வாங்க, எல்லா பக்கெட்டையும் வெச்சுப் பாத்துப்போட்டே லாரியை எடுக்கறேன்!"

எங்கள் அணையில் இன்றைக்கும் படகுக்குப் பேர் கொடுப்பது ஆம்பிளைகள்தான், நாங்கள் பக்கெட்டை மட்டும்தான் கொண்டு போகிறோம்.