எனக்குப் பிடிக்காமல் போன கதாநாயகன்

புதுப் பட்டுச்சேலையைப் பிரித்தால் ஒரு வாசனை வரும்... கஞ்சியும் சாயமும் கலந்த வாசனை. ஆரணியில் நான் முதன்முதலில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்த கடை முழுக்க அதுதான். மத்தியானம் மாடியில் சேலைக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிடுவோம். தயிர்சாதத்தில்கூட அந்த வாசனை இருக்கும்.

பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவள் கல்பனா. சேலை மடிக்கிற வேலை அவளுக்கு. அவள் லைப்ரரியிலிருந்து எடுத்து வந்த ஒரு நாவல், கடையில் இருந்த எல்லாப் பெண்களின் கையிலும் ஒரு சுற்று வந்தது. பேரைச் சொல்லமாட்டேன். சொன்னால் உங்களில் பாதிப் பேர் என்னை அன்ஃபிரெண்ட் செய்துவிடுவீர்கள்!

ஊருக்காக ஓடி ஓடி உழைக்கிற கதாநாயகன். தினமும் வீடு திரும்ப ராத்திரி வெகுநேரமாகும். மனைவி சாப்பிடாமல் காத்திருப்பாள். "இன்னும் சாப்பிடலையா?" என்று அவள் தலையைத் தடவுவான். அந்தப் பக்கம் வந்தாலே கல்பனாவுக்குக் கண் கலங்கிவிடும்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது.

நாங்கள் ஜைனர்கள், வந்தவாசிப் பக்கத்துக் கிராமம். பொழுது சாய்வதற்குள் எங்கள் வீட்டில் சாப்பாடு முடிந்துவிடும். இருட்டிய பிறகு வந்தால் அப்பாவே ஆனாலும் பட்டினிதான். யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. பஸ் லேட்டானால் நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, சூரியனைப் பார்த்துக்கொண்டே அவசர அவசரமாக இட்லியை விழுங்குவேன்.

ஒருநாள் கல்பனாவிடம் கேட்டேவிட்டேன்.

"காலையில கெளம்பும்போதே, நீ சாப்ட்டுடும்மான்னு சொல்லிட்டுப் போனா இன்னாவாம் அந்த ஆளுக்கு?"

"இன்னாடி மனசு உன்னுது! அவ பாசத்துல உக்காந்துகினு இருக்கா."

"பசியோட உக்காந்துகினு இருக்கா. எனக்கு அதான் தெரியுது."

டப்பாவைத் தூக்கிக்கொண்டு எதிர்மூலைக்குப் போய்விட்டாள். பல நாள் பேச்சே இல்லை... தனியாகச் சாப்பிடப் பிடிக்கவில்லை. அவளுக்காக அந்த நாவலை மறுபடியும் படித்தேன். எப்படியாவது எனக்கும் அவனைப் பிடித்துப்போனால் தேவலை என்றிருந்தது. ம்ஹூம்... ஒட்டவே இல்லை.

அப்புறம் அவளே மாங்காய் ஊறுகாயோடு திரும்பி வந்தாள். அந்த நாவலைப் பற்றி மட்டும் நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

வருஷங்கள் ஓடிவிட்டன. நான் இப்போது வேலூரில் இருக்கிறேன். போன மாதம் கல்பனா வீட்டுக்குப் போனேன். நாலு மணிக்கே போய்விடுவதாகவும், இருட்டுவதற்குள் சேர்ந்து சாப்பிடுவதாகவும் பேச்சு. கண்ணமங்கலத்தில் பஸ் பிரேக்டவுன். என் போனிலோ சார்ஜ் இல்லை. ஆரணியில் இறங்கும்போது தெருவிளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்தது.

"இன்னாடி இவ்ளோ லேட்டு? ஒரே பேஜாரா பூட்ச்சு எனக்கு" என்றாள். உள்ளே இரண்டு இலை போட்டு வைத்திருந்தாள்.

"நீ இன்னும் சாப்டலையா?"

"இல்ல. இருட்டுனா நீ சாப்பிடமாட்டேன்னு தெரியும்... ஆனா உன்ன உட்டுட்டு சாப்பிட மனசு வரலடி."

வாசலில் அப்படியே நின்றுவிட்டேன். அந்த ஆளைப் போலவே நானும் லேட்டாக வந்து, அவன் கேட்ட அதே கேள்வியைக் கேட்டிருக்கிறேன். வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. எனக்காக ஒருத்தி காத்திருந்தது அதுதான் முதல் தடவை.

கைகால் கழுவிக்கொண்டு வந்து அவளை உட்காரவைத்தேன். ஒரு இலையை எடுத்துவிட்டு, மற்றதில் சோறு போட்டேன். கடை மாடியில் இருவரும் ஒன்றாகச் சாப்பிடுவோம். இப்போது அவள் சாப்பிட, நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இப்பவாவது அவன புடிக்குதா?"

"புடிக்கல. ஒருநாளாவது அவன் அவளுக்கு சோறு போட்டானாடி?"

யோசித்துப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு.

"போடலதான்... சரி, ரசம் ஊத்து."