அழுக்கு நிற்கும் பக்கம்

திரும்பி வந்த புத்தகத்தைப் பெரில் டன்ஸ்டன் திறக்க மாட்டாள். மூடியபடியே வெளிச்சத்துக்குத் தூக்கி, தாள்கள் அடுக்கி நிற்கும் விளிம்பை ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு பார்ப்பாள். சந்தையில் ஆட்டின் வாயைப் பிளந்து பல் பார்க்கிறவனின் பார்வை அது. விரல் பட்ட தாள்கள் மங்கியிருக்கும். படாத தாள்கள் கடையில் வாங்கிய வெள்ளையாகவே இருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு விழுந்திருக்கும்.

"அறுபத்துநாலாம் பக்கத்துல எந்திரிச்சுப் போயிட்ட," என்பாள்.

எதிரே நிற்கும் பெண்ணுக்குக் காது சிவக்கும். அறுபத்துநாலேதான். இந்த வட்டாரத்தில் மூன்று பட்டதாரிகள் சேர்ந்து உட்கார்ந்தாலும் இதைச் சொல்ல முடியாது.

பெரிலுக்குச் சம்பளம் நூலக லாரியை ஓட்டுவதற்கு. இரண்டு வாரத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை குரூமல் என்ற ஊரில் கோதுமைக் குதிர்களின் நிழலில் அதை நிறுத்துவாள். பெரியவர்களுக்கான புத்தகங்களை டவுன் நூலகத்தில் பெட்டி கட்டிக் கொடுத்துவிடுவார்கள். பிள்ளைகளுக்கான இரண்டு புத்தகத் தட்டுகளை மட்டும் யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அதைப் பெரில் எடுத்துக்கொண்டாள். யாரையும் கேட்கவில்லை. கேட்டு எடுத்த எதுவும் தன்னிடம் நிலைத்ததில்லை என்பது அவள் கட்சி.

பதினாலு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவள். அதன் பிறகு இருபத்திரண்டு வருஷம், ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கூட்டங்களுக்குச் சமையல். நாற்பது பேர், நாளைக்கு ஐந்து வேளை. சமையல் பிடிக்கவில்லை என்றால் மூன்றாம் நாள் மூட்டையைத் தூக்கி வெளியே வைத்துவிடும் கூட்டம் அது. பெரிலின் மூட்டையை ஒருவரும் தொட்டதில்லை. இதைக் கேட்டாலும் சொல்வாள், கேட்காவிட்டாலும் சொல்வாள்.

"நல்லா இருந்துச்சான்னு கேட்டா எவனும் நல்லாருக்குன்னுதான் சொல்லுவான். அது மரியாதை. நான் வாயைப் பாக்க மாட்டேன், தட்டைப் பாப்பேன். வாய் பொய் சொல்லும். தட்டு சொல்லாது."

அந்தச் சமையல் கொட்டகையிலிருந்து அவள் கொண்டுவந்த சொத்து ஒரே ஒரு பலகை. 'போடுவதை எடு. கேள்வி கேட்காதே.' முன்பு அது சூப்புப் பானைக்கு மேல் தொங்கியது. இப்போது லாரிக்குள், பிள்ளைகளின் தட்டுக்கு மேல் தொங்குகிறது.

ஆகவே பெரில் எந்தப் பிள்ளையிடமும் புத்தகம் பிடித்ததா என்று கேட்டதில்லை. அவளுக்கு அழுக்கு போதும். ரொட்டியில் தடவும் வெஜிமைட்டின் கறை இருந்தால் காலைச் சாப்பாட்டில் கூடக் கீழே வைக்கவில்லை என்று பொருள். அட்டையில் நாய்ப்பல் தடம் இருந்தால் நாயோடு வண்டியின் பின்தட்டில் படுத்துக்கொண்டு படித்திருக்கிறான். "முழுப் புத்தகமும் நெளிஞ்சிருந்தா மழை. ரெண்டே ரெண்டு பக்கம் மட்டும் நெளிஞ்சிருந்தா அழுதிருக்கா. அந்த ரெண்டு பக்கத்தை எழுதுனவன் கைகாரன். அவனோட அடுத்த புத்தகத்தை வாங்கிப் போடு."

தேர்ந்தெடுப்பதிலும் சமையற்கட்டுச் சட்டம்தான். ஓர் இடத்தில் உட்காராத பையனுக்கு மூன்றாம் பக்கத்துக்குள் யாரையாவது ஏதாவது கடித்திருக்க வேண்டும்: "முதல் வாய்லயே உப்பு தெரியணும்." நீதி சொல்லும் புத்தகங்கள் அவளுக்கு வேகவைத்த முட்டைக்கோஸ். உடம்புக்கு நல்லதுதான், ஆனால் தட்டோடு திரும்பிவிடும். பதின்மூன்று தாண்டி வீம்பு பிடிப்பவர்களுக்கு எதையும் கையில் கொடுக்க மாட்டாள். கீழ்த்தட்டில் முதுகு திருப்பி வைத்து, "அது உனக்கில்ல, வை," என்பாள். அடுத்த செவ்வாய் அந்தப் புத்தகம் அங்கே இருக்காது.

டவுன் நூலகத்துப் பொறுப்பாளர் லினெட் படித்தவள், நல்லவள். கறை பட்ட புத்தகத்தைக் கண்டால் அவளுக்குத் தலைவலி வந்துவிடும். உடனே கழித்துக்கட்டிவிடுவாள். "வழிச்சுத் தின்ன தட்டைக் காட்டுனா, கழுவலியேன்னு அழுவுறா," என்பது பெரிலின் புகார். அதனால் மிக நன்றாகத் தின்னப்பட்ட ஏழெட்டுப் புத்தகங்கள் எப்போதும் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் தலைமறைவாக இருக்கும்.

"என் வண்டியில ஏறிட்டுப் பட்டினியா இறங்குன புள்ள ஒண்ணு கிடையாது," என்று பெரில் சொல்லிக்கொண்டிருந்தது இரண்டு வருஷம் முன்பு வரை முழு உண்மை. அப்போதுதான் ஃபெர்கஸ் வந்தான்.

ஆடும் கோதுமையும் தவிர வேறு தெரியாத ஊருக்கு, வாய்க்கால் தண்ணீரை நம்பி நூற்றிருபது கறவை மாடுகளோடு வந்த ஒரே குடும்பம். பையன் நெட்டை. பேச்சு கிடையாது. அம்மா வெர்னா வெளியே வண்டியை அணைக்காமல் காத்திருப்பாள். அவன் ஏறுவான், பெரில் எடுத்து வைத்த ஐந்தை வாங்குவான், "தேங்க்ஸ்" என்பான், இறங்குவான். அடுத்த முறை ஐந்தும் திரும்பி வரும். ஐந்தும் பால் வெள்ளை. கோடே இல்லை.

பெரில் முதலில் பதறவில்லை. மோட்டார் சைக்கிள் கொடுத்தாள். வெள்ளை. கால்பந்து, வெள்ளை. கொலை, பேய், குதிரை, எல்லாம் வெள்ளை. கடினமாக இருக்கிறதோ என்று இறங்கி வந்தாள்: மெல்லிய புத்தகம், அதைவிட மெல்லியது, படக்கதை, விடுகதை. பசி செத்தவனுக்குக் கஞ்சி வைக்கிற மாதிரி. போன மாதம், மீசை அரும்பிய அந்தப் பையனிடம், பல் முளைக்கும் குழந்தைகள் கடிப்பதற்கென்று கெட்டி அட்டையில் செய்த மாட்டுப் புத்தகத்தைக் கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டு "தேங்க்ஸ்" என்றான். அதுவும் பல் படாமல் திரும்பியது.

இதற்கிடையில் லினெட் கணினியில் எண்ணிப் பார்த்து, வட்டாரத்திலேயே அதிகம் புத்தகம் எடுத்த சிறுவன் ஃபெர்கஸ் என்று கண்டுபிடித்தாள். கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு சான்றிதழ் செய்து, டிசம்பர் கடைசிச் செவ்வாய் பெரிலின் கையில் கொடுத்தனுப்பினாள்.

பெரிலுக்கு அந்தச் செவ்வாய் வேறு விதத்திலும் கடைசி. ஜனவரியில் அவனுக்குப் பதினைந்து. குரூமலில் பதினைந்து ஆன பையன் எவனும் நூலக லாரியில் ஏறியதில்லை. ஏறினால் ஊர் சிரிக்கும். இன்று இவன் வெறும் வயிற்றோடு இறங்கினால், பெரில் இனி எந்த வாயால் பெருமை பேசுவாள்? அவளுக்கு இருந்த கவலை அது ஒன்றுதான் என்று சொல்லிக்கொண்டாள். குதிருக்கு வருவதற்குள் இரண்டு முறை வழி தப்பினாள். பதினெட்டு வருஷமாக ஓட்டிய வழி.

ஃபெர்கஸ் ஏறினான். மாட்டுப் புத்தகத்தை மேசைமேல் வைத்தான். பெரில் விளிம்பைப் பார்த்தாள். சான்றிதழை எடுத்தாள், ஆனால் நீட்டவில்லை.

"இந்தா பாரு பயலே. இதைக் குடுக்கச் சொல்லி அனுப்பியிருக்காங்க. எனக்குக் கை வரல. ரெண்டு வருஷமா நீ ஒரு பக்கம் புரட்டல."

"படிச்சேனே."

"எதை?"

"நீங்க குடுத்த எல்லாத்தையும்."

"மாட்டுப் புத்தகத்தையுமா?"

"அதையும்தான். ஏழாம் பக்கத்துல தப்பு. ஜெர்சின்னு போட்டுட்டு ஃப்ரீஷியன் படத்தை வரைஞ்சு வச்சிருக்காங்க."

பெரில் ஏழாம் பக்கத்தைத் திறந்தாள். கறுப்பும் வெள்ளையுமாக ஒரு மாடு நின்றது. ஆடாக இருந்தால் அவளே சொல்லியிருப்பாள். கதவுப்பக்கம் திரும்பி, "வெர்னா! இங்க வா. இது என்ன மாடு?" என்றாள்.

வெர்னா எட்டிப் பார்த்தாள். "ஃப்ரீஷியன். கண்ணு தெரியாதவனும் சொல்லுவான். ஜெர்சி செவலையில்ல இருக்கும்?"

"கையைக் காட்டுடா."

காட்டினான். வெந்த கோழியின் தோல் மாதிரி வெளுத்து, விரல் நுனிகளில் உரிந்து, நகக்கண் வரை சுத்தமாக இருந்தது.

"கறக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை, கறந்து முடிச்சு ஒரு தடவை, மருந்துத் தண்ணியில கை கழுவணும்," என்றாள் வெர்னா. "இல்லன்னா பாலைத் திருப்பி அனுப்பிடுவானுங்க. சின்ன வயசுலேர்ந்து பழக்கம். அதுக்கப்புறம்தான் இவன் புத்தகத்தைத் தொடுவான். தொட்டா சோத்துக்குக் கூப்பிட்டாலும் வரமாட்டான்."

ரோமக் கொட்டகைக்காரர்களின் கை கம்பளி எண்ணெயில் ஊறியது. பெரில் பார்த்த கை எல்லாம் அந்தக் கைதான். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் பந்தியில் ஒரு பால்காரன் உட்கார்ந்ததில்லை.

லாரிக்குள் நான்கு பிள்ளைகள் இருந்தார்கள். பெரில் அடுத்துக் கேட்டதை அவர்கள் வீட்டில் போய்ச் சொன்னபோது யாரும் நம்பவில்லை.

"எது நல்லா இருந்துச்சு?"

ஃபெர்கஸ் யோசிக்கவே இல்லை. "ரெண்டாவது தடவை குடுத்தீங்களே, பனிக்கட்டியில கப்பல் மாட்டிக்கிறது. அது பாதியிலயே முடிஞ்சிருது. மீதி ரெண்டாம் பாகத்துலன்னு போட்டிருந்துச்சு."

"ரெண்டு வருஷமாவா அதுக்குக் காத்திருக்க? வாயைத் தொறந்து கேட்டா என்னடா?"

பையன் அவள் தலைக்கு மேலே தொங்கிய பலகையைப் பார்த்தான். பெரிலும் திரும்பிப் பார்த்தாள். தான் எழுதியதைப் படிக்க அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது.

முன்னால் போய் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் கைவிட்டுத் துழாவினாள். இரண்டாம் பாகத்துக்கு அட்டை இல்லை. முதுகெல்லாம் டேப். தக்காளிச் சாறும் ஆட்டுக் கொழுப்பும் சேர்ந்த வாசனை. விளிம்பு, முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை ஒரே கறுப்பு.

அவன் கையை நீட்டினான். பெரில் கொடுக்கவில்லை. தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, சாம்பலில் சுட்ட ரொட்டியை எடுத்து, சான்றிதழின் கண்ணாடிமேல் வைத்துத் தடிமனாக ஒரு துண்டு அறுத்தாள். அதன்மேல் கரும்புப் பாகைக் கவிழ்த்தாள். நான்கு பக்கமும் வழிந்தது. அதை அவன் வலது கையில் வைத்தாள். புத்தகத்தை இடது கையில் வைத்தாள்.

பாகு மணிக்கட்டுக்கு இறங்கியது. ஃபெர்கஸ் கையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, கை கழுவ இடம் தேடி லாரியைச் சுற்றுமுற்றும் பார்த்தான்.

பெரில் பின்கதவுக்குப் போய், தண்ணீர்த் தொட்டியின் குழாயை முதுகால் மறைத்து, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.