முப்பத்தெட்டாவது ஓடம்

சைமா ஏரிக்கரையில் பிறந்தவர்களுக்குச் சாலை தண்ணீரில் போய் முட்டி நிற்பது புதிதில்லை. முட்டிய இடத்தில் ஓர் ஓடம் இருக்கும். கம்பி வடத்தைப் பிடித்தபடி இக்கரைக்கும் அக்கரைக்கும் போய்வந்து, காரையும் டிராக்டரையும் பால் வண்டியையும் ஏற்றி இறக்கும். எல்லாரும் ஏறுவார்கள், இறங்குவார்கள், மறந்துவிடுவார்கள். மறக்காதவள் ஒருத்தி இருந்தாள் என்றால் அது ஹில்க்கா துர்த்தியாய்னென்தான்.

அவள் முப்பது வருஷம் தபால் வண்டி ஓட்டியவள். ஓய்வு பெற்ற மறு வாரமே ஒரு நல்ல கேமரா வாங்கி, ஏரிநாட்டில் இருக்கும் ஓடங்களையெல்லாம் ஒரு நோட்டில் எழுதினாள். மொத்தம் முப்பத்தெட்டு. ஒவ்வொன்றிலும் தன் நீல டொயோட்டாவை ஏற்றி அக்கரை போகவேண்டும், பிறகு கரையில் நின்று அந்த ஓடம் நடுத்தண்ணீரில் பாரத்தோடு வரும்போது படம் எடுக்கவேண்டும். இந்த இரண்டும் நடந்தால்தான் கணக்கு. பாரமில்லாமல் வரும் ஓடத்தை அவள் எடுக்கவே மாட்டாள்.

"வெறும் ஓடத்தைப் படம் பிடிக்கிறதும் வெறும் தட்டைப் படம் பிடிக்கிறதும் ஒண்ணுதான்" என்பாள்.

அதனால் ஒரு வண்டி வரும்வரை மழையில் மூன்று மணி நேரம் காத்துக் கிடந்திருக்கிறாள். அப்படி அவளுக்குக் கிடைத்தவை கொஞ்சமா? பின்னால் தகர டப்பாக்கள் கட்டிய கல்யாணக் கார் ஒன்று. சவப்பெட்டி வண்டி ஒன்று, அதன் ஓட்டுநர் வெளியே நின்று சாண்ட்விச் தின்றுகொண்டிருக்கிறார். இழுவண்டியிலிருந்து தலையை நீட்டி ஏரியைப் பார்த்துக் கனைக்கும் குதிரை ஒன்று. அவள் புருஷன் தவுனோ வருகிறவர்களிடம் சொல்வான்: "எங்க வீட்டுச் சுவத்துல அறுபது காரு இருக்கு. என் படம் ஒண்ணுகூட இல்ல. நானும் ஒருநா ஓடத்துல ஏறி நின்னாத்தான் உண்டு."

கங்கஸ் ஊர் நூலகத்தில் அந்தப் படங்களைக் கண்காட்சி வைப்பதாக ஏற்பாடு. வரும் திங்கட்கிழமை திறப்பு. அழைப்பிதழில் 'முப்பத்தெட்டு ஓடங்கள்' என்றே அச்சடித்துவிட்டார்கள். கையில் இருந்தது முப்பத்தேழு.

முப்பத்தெட்டாவது குய்க்காசல்மி ஓடம். அது அரசாங்க ஓடமில்லை, மோட்டாரும் கிடையாது. அக்கரைத் தீவில் இருக்கும் ஆறு வீட்டாருக்குச் சொந்தமானது. ஒரே ஒரு கார் நிற்கும். பல் வெட்டிய மரக்கட்டையை வடத்தில் கொக்கி மாதிரி மாட்டி, முன்னால் இருந்து பின்னால் நடந்து நடந்து நாமேதான் இழுக்கவேண்டும். இருநூறு மீட்டர் தண்ணீர். அந்த ஆறு வீட்டுச் சாலைச் சங்கத்துக்குத் தலைவர் அர்வோ பெல்கோனென். அவர் ஹில்க்காவின் முகத்தில் விழிக்கமாட்டார்.

ஏன் என்று சொல்லவேண்டும். இருபத்தாறு வருஷத்துக்கு முந்தைய கதை அது. குய்க்காசல்மியில் ஒரு சட்டம் உண்டு: ஓடம் ஒரு கரையில் இருந்தால் துடுப்புப் படகு மறு கரையில் இருக்கவேண்டும். அப்போதுதான் ஓடம் இல்லாத பக்கத்தில் இருப்பவன் படகில் வந்து ஓடத்தை எடுத்துப்போக முடியும். இரண்டும் ஒரே கரையில் சேர்ந்துவிட்டால் மறு கரைக்காரன் கதி அதோகதி. அன்று வழக்கமான தபால்காரர் காய்ச்சலில் படுத்துவிட, ஹில்க்கா பதிலுக்குப் போனாள். தீவுக் கரையில் ஓடம் ஒதுங்க இடமில்லாமல் படகு குறுக்கே கிடந்தது. அதைத் தள்ளி ஒதுக்கி, கரையில் அடித்திருந்த இரும்பு முளையில் அதன் கயிற்று வளையத்தை மாட்டினாள். கடிதங்களைக் கொடுத்துவிட்டு ஓடத்தில் திரும்பி வந்துவிட்டாள்.

மறுநாள் விடிந்தால் வேளாண் கண்காட்சி. அர்வோ தன் கெய்சரி என்ற காளையை நான்கு மாதம் சீவி, குளிப்பாட்டி, மாப்பிள்ளை மாதிரி தயார் பண்ணி வைத்திருந்தார். காலையில் கரைக்கு வந்தால் ஓடமும் எதிர்க்கரையில், படகும் எதிர்க்கரை நாணலில். கத்திப் பார்த்தார், தொலைபேசியில் கூப்பிட்டார், எதிர்க்கரைக்காரர்கள் அத்தனை பேரும் கண்காட்சிக்குப் போயாகிவிட்டது. கெய்சரி கரையில் நின்று சாயங்காலம் வரை புல் தின்றது. பரிசு பக்கத்து ஊர்க் காளைக்குப் போனது.

தபால்காரிதான் மறதியில் படகையும் பின்னால் கட்டி இழுத்துப் போய்விட்டாள் என்றார் அர்வோ. காற்றுதான் கொண்டுவந்திருக்கும் என்றாள் ஹில்க்கா. நாணலில் கிடந்த படகை எல்லாரும் போய்ப் பார்த்தார்கள். கயிற்றின் முடிச்சு அவிழாமல், வளையம் அப்படியே இருந்தது.

"முளையில மாட்டின வளையத்தைக் கழட்டி எடுக்கக் காத்துக்கு விரல் இருக்கா?" என்று கேட்டார் அர்வோ. சபை சிரித்தது. அந்தக் கேள்வி ஏரி முழுக்கப் பரவியது. ஹில்க்கா எங்காவது எதையாவது தொலைத்தால், "காத்துக்கு விரல் முளைச்சிருக்கும்" என்பார்கள். அவள் தம்பியின் கல்யாணத்திலேயே சொன்னார்கள்.

ஓடத்தில் ஏற அனுமதி கேட்டு நான்கு வருஷமாக வருஷம் ஒரு கடிதம் எழுதினாள். நான்கு அஞ்சலட்டைகள் வந்தன. நான்கிலும் ஒரே ஒரு சொல்: 'முடியாது.' சாலைச் சங்கத்தின் அனுமதியில்லாமல் அந்தப் பலகையில் கால் வைக்க அவள் மனம் ஒப்பவில்லை.

கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்பு, அக்டோபர்க் கடைசிச் சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு, ஆறு வீட்டாரும் சேர்ந்து பனிக்காலத்துக்காக ஓடத்தைக் கரையேற்றப் போகிறார்கள் என்று சில்வி தொலைபேசியில் சொல்லியிருந்தாள். சில்வி அர்வோவின் மனைவி. ஹில்க்காவுக்கும் உறவுதான்: ஹில்க்காவின் அம்மாவும் சில்வியின் அம்மாவும் ஒரே வீட்டு அண்ணன் தம்பிகளின் மகள்கள். அந்த ஒட்டுறவு அர்வோவின் கோபத்தால் அறுந்துபோகவில்லை.

"ஏற விடமாட்டாரு. கரையில நின்னாவது பாத்துட்டுப் போடி" என்றாள் சில்வி. "பத்து மணிக்கு அவரு உங்க கரைக்கு வருவாரு. மத்தியானம் ஊர்க்கூடத்துல மான்கறி சூப்பு விருந்து, அவருதான சமையலு. எங்க காரு ஓடத்துல வரும். ஒரு படமாச்சும் கிடைக்கும்ல?"

பாதிக் கணக்காவது ஆகட்டும் என்று ஹில்க்கா ஒன்பது மணிக்கே வந்து கரையில் காரை நிறுத்தினாள். ஓடம் இக்கரையில் கிடந்தது. அர்வோவின் மருமகன் யார்மோ விடிகாலையில் அதில் வந்து, கரையேற்றும் வேலைக்கு இரும்புச் சங்கிலி வாங்கக் காரில் டவுனுக்குப் போயிருந்தான். சட்டப்படி படகு தீவுக் கரையில் முளையில் கட்டிக் கிடந்தது. பூர்ச்ச மரங்களில் மிச்சமிருந்த மஞ்சள் இலைகள் உதிர்ந்துகொண்டிருந்தன. வடக்குக் காற்று கிளம்பிவிட்டது. ஹில்க்கா கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு, பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக் குடித்தாள். பொழுது போகவேண்டுமே என்று கேமராவை எடுத்து எதிர்க்கரையை உருப்பெருக்கிப் பார்த்தாள்.

அலை எழும்பும்போதெல்லாம் படகின் மூக்கு தூக்கிக்கொண்டது. கயிறு விறைத்தது, தளர்ந்தது, மறுபடி விறைத்தது. ஒவ்வொரு தூக்கலுக்கும் வளையம் அந்தக் குட்டை முளையில் விரற்கடை விரற்கடையாக மேலே ஏறியது. ஹில்க்காவின் கை தானாகப் பொத்தானை அழுத்தியது. ஒரு படம். இன்னொரு படம். பெரிய அலை ஒன்று வந்தது. முளையின் தலையைத் தாண்டி வளையம் சுளையாகக் கழன்று தண்ணீரில் விழுந்தது.

படகு புறப்பட்டுவிட்டது. ஆளில்லை, துடுப்பில்லை. பக்கவாட்டில் திரும்பிக்கொண்டு நடு ஏரிக்கு வந்து, முடிச்சு அவிழாத வளையத்தை மூக்கில் தொங்கவிட்டபடி நேராக ஹில்க்காவை நோக்கி வந்தது. அவள் எடுத்துத் தள்ளிக்கொண்டே இருந்தாள். வெறும் படகை அவள் படம் பிடித்தது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. கடைசியில் அது நாணலில் இடித்து, அவள் பூட்ஸ் முனையில் வந்து நின்றது.

எதிர்க்கரையில் வீட்டுக் கதவு திறந்தது. காரை ஓட்டிக்கொண்டு அர்வோ கரைக்கு வந்தார். பின் இருக்கையில் இரண்டு பெரிய சூப்பு அண்டா, மடியில் ஒரு தூக்குப் பாத்திரத்தை வைத்தபடி சில்வி. அர்வோ இறங்கினார். முளையைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். அப்புறம் இக்கரையைப் பார்த்தார்.

"ஏய்! யாரு அங்க? படகை யாரு எடுத்தது?"

"நான்தான் அர்வோ, ஹில்க்கா!"

"மறுபடியும் தபால்காரியா! எம்மாடி, நீ எப்படி இங்க வந்து எடுத்த?"

"நான் காலையிலேர்ந்து இக்கரையிலதான் நிக்கேன்! உன் படகு தானா வந்துச்சு!"

"தானா வருமா? நான் என் கையால மாட்டின வளையம்!"

"வளையம் அப்படியே இருக்கு, முடிச்சு அவிழல!" ஹில்க்கா கயிற்றைத் தூக்கிக் காட்டினாள். "அலை தூக்கித் தூக்கிக் கழட்டிருச்சு! ஒண்ணொண்ணா படம் எடுத்திருக்கேன்! காத்துக்கு விரலு வேணாம் அர்வோ, உன் முளை குட்டை!"

எதிர்க்கரையில் காருக்குள்ளிருந்து சில்வியின் சிரிப்பு கேட்டது. முதலில் கிணுகிணு என்று, அப்புறம் அடக்க முடியாமல். பாத்திரத்து மூடி சிரிப்பில் தடதடத்தது.

"நீ ஏண்டி சிரிக்கிற?" என்று அர்வோ திரும்பினார்.

"இருபத்தாறு வருசமா அந்தக் கதையைச் சொல்லிட்டுத் திரியிறீங்க. சிரிக்காம அழவா?"

அர்வோ கடிகாரத்தைப் பார்த்தார். மணி பத்தேகால். பன்னிரண்டு மணிக்கு ஊர்க்கூடத்தில் நூற்றிருபது பேர் கிண்ணமும் கரண்டியுமாக உட்கார்ந்திருப்பார்கள். யார்மோ ஒரு மணிக்குத்தான் வருவான். மற்ற ஐந்து வீட்டாரும் விடிகாலையிலேயே யார்மோவோடு இக்கரைக்கு வந்து கூடத்தில் மேசை போட்டுக்கொண்டிருந்தார்கள். குய்க்காசல்மி ஓடத்தை இப்போது இழுத்து வரக்கூடிய ஆள் உலகத்தில் ஒருத்திதான்.

"சரி, ஓடத்தைக் கொண்டா!" என்று கத்தினார்.

"எனக்கு அனுமதி இல்லியே! நாலு கார்டு போட்டிருக்க, நாலும் வீட்டுல பத்திரமா இருக்கு!"

"அனுமதி குடுத்தாச்சு, ஏறு!"

"காரோடவா, கார் இல்லாமலா?"

அர்வோ தொப்பியைக் கழற்றித் தொடையில் அடித்தார். "காரோட! உன் வீடு, வாசல், புருஷன் எல்லாத்தையும் ஏத்திட்டு வா! சூப்பு கெட்டுப்போகுது!"

ஹில்க்கா டொயோட்டாவை மெல்ல ஏற்றி, கை பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்கு மரக்கட்டை வைத்தாள். படகை ஓடத்தின் பின்னால் கட்டினாள். மரப்பிடியை வடத்தில் மாட்டி முதல் இழுப்பு இழுத்ததும் ஓடம் கரையை விட்டு நகர்ந்தது. அறுபத்தொன்பது வயது. இழுத்துக்கொண்டு பின்னால் நடந்தாள், பிடியைக் கழற்றி முன்னால் வந்தாள், மறுபடி மாட்டினாள். பாதித் தண்ணீரில் காற்று எதிர்த்து அடித்தது. ஓடம் நின்றுவிட்டது, கொஞ்சம் பின்னால்கூடப் போனது. அவள் வடத்தோடு வடமாகச் சாய்ந்து, இரண்டு காலையும் பலகை விளிம்பில் ஊன்றிக்கொண்டு பற்களைக் கடித்தாள்.

"உக்காந்து இழுக்காத! எந்திரிச்சு நட!" என்று அர்வோ கரையிலிருந்து கத்தினார்.

"உன் காளையையா இழுக்கேன், நீ சொல்லிக்குடுக்க?"

காற்று ஒரு நொடி ஓய்ந்தது. அந்த நொடியே போதும். ஒரே மூச்சில் பத்து இழுப்பு. தீவுக் கரையின் கல் ஓடத்தின் அடியில் கரகரத்தது.

அவள் காரைக் கரைக்கு இறக்கியதும் அர்வோ நேராகப் படகின் பக்கம் போனார். கயிற்று வளையத்தை முளையில் மாட்டினார், கையால் தூக்கிப் பார்த்தார். விரல் பட்டதுமே வளையம் லேசாகக் கழன்று வந்தது. மறுபடி மாட்டி மறுபடி தூக்கினார். மறுபடி கழன்றது. கயிற்றை இழுத்துப்போய்ப் பூர்ச்ச மரத்தைச் சுற்றி மூன்று முடிச்சுப் போட்டார்.

"நடு ஏரியில என்னை எடுக்கணும்னா கொஞ்சம் நிக்கவா?" என்று கேட்டார். குரலில் உறுமல் குறையவில்லை.

"நிக்காத. நடந்துகிட்டே இழு. நின்னா படம் செத்துப்போகும்."

சில்வி பாத்திரத்தை இருக்கையில் வைத்துவிட்டுத் தீவிலேயே இறங்கிக்கொண்டாள். நாங்கள் இரண்டு பேரும் காப்பி குடித்துவிட்டுப் பின்னால் வருகிறோம் என்றாள். அர்வோ தன் காரோடும் சூப்போடும் வடத்தை இழுத்துக்கொண்டு போனார். நடுத்தண்ணீரில் காற்று அவர் தொப்பியைப் பிடுங்கியது. அதைப் பிடிக்க ஒரு கையை நீட்டினார், மறு கை வடத்தை விடவில்லை. பின் இருக்கையில் பாத்திரத்து மூடி இடுக்கிலிருந்து ஆவி கண்ணாடியில் படிந்திருந்தது. ஹில்க்கா அழுத்தினாள். கேமராவை இறக்கிப் பார்த்தாள். அப்புறம் கரைக்கல்லில் உட்கார்ந்து, சில்வியின் தோளைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டுச் சிரித்தாள்.

"வந்துருச்சாடி?"

"வந்துருச்சு. முப்பத்தெட்டும் வந்துருச்சு!"

இரண்டு பேரும் காப்பி குடித்துவிட்டு, படகில் போய் ஓடத்தை எடுத்துவந்து, டொயோட்டாவை ஏற்றி ஊர்க்கூடத்துக்கு வந்து சேர மணி பன்னிரண்டேமுக்கால். சூப்பு வரிசை வாசல் வரை நீண்டிருந்தது. ஹில்க்கா உள்ளே நுழைந்ததுமே மேசையிலிருந்து ஒருவன் குரல் கொடுத்தான்: "என்ன ஹில்க்கா, லேட்டு? காத்துக்கு விரல் முளைச்சிருச்சா?"

கூடம் சிரித்தது. அர்வோ அகப்பையால் பானையின் விளிம்பில் மூன்று தட்டு தட்டினார். சிரிப்பு அடங்கியது.

"அந்தப் பேச்சு இன்னியோட சரி" என்றார். "அன்னிக்கு அவ படகை இழுத்துட்டுப் போகல. காத்துதான் கொண்டுபோச்சு. இன்னிக்கு என் கையால கட்டின படகையும் கொண்டுபோச்சு, நானே வளையத்தைத் தூக்கிப் பாத்தேன். என் முளை குட்டை." அகப்பையை நீட்டினார். "ஆனா அன்னிக்குப் பரிசு கெய்சரிக்குத்தான் வந்திருக்கணும். அதுல மாத்தமில்ல."

வரிசையை விலகச் சொல்லி, ஹில்க்காவின் கிண்ணத்தில் அடியிலிருந்து அள்ளி, கறியாக மூன்று அகப்பை ஊற்றினார். அவள் கம்பு ரொட்டியை எடுத்துக்கொண்டு நகரும்போது குரலைத் தாழ்த்தி, "அந்த வெறும் படகுப் படத்தை மாட்டாத, என்ன?" என்றார்.

"முப்பத்தெட்டும் ஓரத்துலதான் அர்வோ" என்றாள் ஹில்க்கா. "அதைத்தான் நடுவுல மாட்டப் போறேன். நீயும் வந்து பக்கத்துல நில்லு, முளை எவ்வளவு குட்டைன்னு கேக்குறவங்களுக்கு நீதான் காட்டணும்."