காற்றில் வெட்டுகிறவள்

வலது கையில் கத்தி, இடது கையின் கீழ் உருளைக்கிழங்கு. கத்தி கிழங்கைத் தொடவில்லை. ஒரு விரல்கடை மேலே, காற்றில், இடமிருந்து வலமாகப் போகிறது, திரும்புகிறது, இறங்குவதுபோல் இறங்கி நிற்கிறது. அதன் பிறகுதான் கிழங்கு வெட்டுப்படும். துண்டுகள் ஒரே கனம். அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அதற்குள் அடுப்பில் எண்ணெய் புகைந்துவிடும்.

"முதல்ல காத்துல ஓட்டிப் பாத்துடணும், நர்ஸம்மா. அப்புறம்தான் பொருள்ல கை வைக்கணும்" என்பாள்.

நான் நர்ஸ் இல்லை. முதியோர் பராமரிப்புக்குப் பயிற்சி பெற்றவள். பகலில் அவளுடைய அப்பாவைப் பார்த்துக்கொள்ள வருகிறேன். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கும் அலுத்துவிட்டது. அந்த வீட்டில் நான் நர்ஸம்மாதான்.

அவளுக்கு வயது நாற்பதைத் தொடுகிறது. பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து துணி திருத்தும் கடை ஒன்றில் தையல் மெஷின் மிதித்தவள். கால்சட்டையின் நீளத்தைக் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இடுப்பைப் பிடித்துக் கொடுப்பது. கடையை மூடினார்கள். உட்கார்ந்து அழவில்லை, நேரே போய்த் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்தாள். எண்ணும் எழுத்துமாகக் கட்டளை எழுதிக் கொடுத்தால் தானே இரும்பையும் அலுமினியத்தையும் செதுக்கும் இயந்திரம் ஒன்று இருக்கிறது, சி.என்.சி. என்கிறார்கள். கட்டளை எழுதவும், கருவிகளைப் பொருத்தி ஓட்டவும் அங்கே கற்றுத்தருகிறார்கள். வகுப்பில் மற்ற எல்லோருக்கும் இவள் அக்கா.

எழுதுவது சீக்கிரமே வந்துவிட்டது. "துணியில சாக்பீஸால கோடு போடுவேன். இங்க நம்பரால போடறேன், அவ்வளவுதான்." சிக்கல் வேறு இடத்தில். "தையல் மெஷின்ல கால எடுத்தா ஊசி நின்னுடும். துணி என் கையில இருக்கும். இது அப்படியா? பச்சைப் பட்டன அமுக்கினா, கதவச் சாத்திக்கிட்டு அதும்பாட்டுக்குப் போவுது. நான் வெளிய நின்னு வேடிக்கை பாக்கணும்."

ஒருநாள் அப்படி வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடந்தது. முனை மழுங்கிய டிரில்லைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டியிருக்கிறாள். புதியது சற்று நீளம். அந்த நீளத்தை அளந்து இயந்திரத்துக்குச் சொல்ல வேண்டும், சொல்லவில்லை. பழைய டிரில்தான் இருக்கிறது என்று நம்பி அது இறங்கியது. அலுமினியக் கட்டியைத் துளைத்து, கட்டியைக் கவ்விப் பிடித்திருந்த வைஸின் இரும்பிலும் இறங்கி முறிந்தது. வைஸில் ஒரு குழி. வகுப்பில் அதற்கு 'அக்கா குழி' என்று பெயராகிவிட்டது. "டேய், அக்கா குழிக்கு ரெண்டு விரல் தள்ளி வைடா" என்று அவள் காதுபடவே பேசிக்கொள்கிறார்களாம். அவளும் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். சொல்லி முடித்ததும் கட்டைவிரலைத் தேய்த்துக்கொள்வாள்.

அன்றிலிருந்து பட்டறைக்குப் போட்டுப்போகும் கோட்டின் பையில் எப்போதும் மெல்லிய தாள் துண்டுகள். கருவியின் நுனிக்கும் கட்டிக்கும் நடுவே தாளைக் கொடுத்து, இழுத்துப் பார்த்து நீளத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். "தாள் வரணும், ஆனா லேசாப் பிடிச்சுக்கிட்டே வரணும்." தையல்காரியின் விரலுக்கு அது கைவந்தது. வீட்டிலும் விடுவதில்லை. அப்பா பிடித்து நடக்கும் வாக்கருக்கு நான்கு கால். நான்கின் ரப்பர் அடியிலும் தாளைச் செருகி, எல்லாம் தரையில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே அவரை எழுப்புவாள்.

அப்பா பஸ் ஓட்டியவர். பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்து, மெல்ல மீண்டு வந்திருக்கிறார். படுக்கையிலிருந்து குளியலறை வரை தனியாக நடக்கலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவரால் முடியும். ஆனால் மகள் வீட்டில் இருந்தால் பின்னால் நின்று, அவர் இடுப்பில் கட்டியிருக்கும் பட்டையைப் பிடித்துக்கொள்வாள்.

"கண்டக்டர் பின்னாலயே தொங்கிக்கிட்டு வந்தா வண்டி எப்படிம்மா போகும்?"

"விழுந்தா யாருப்பா தூக்கறது?"

"அதான் நர்ஸம்மா இருக்காங்கள்ல. சும்மாதானே உக்காந்திருக்காங்க."

நான் சும்மா உட்காருவதில்லை, அது கிடக்கட்டும். பிடித்தே நடத்தப்படும் ஆளுக்குத் தன் கால் மேல் நம்பிக்கை வராது. என் தொழிலில் நிறையப் பார்த்திருக்கிறேன். அவளிடம் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு மறுபடி பட்டையைப் பிடித்தாள்.

செய்முறைத் தேர்வில் தோற்றதும் இந்தக் கையால்தான். கட்டளையில் பிழையில்லை, அளவிலும் பிழையில்லை. ஆனால் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகைத் தாழ்த்தியே வைத்து, கட்டைவிரலை இயந்திரத்தை நிறுத்தும் சிவப்புப் பட்டன் மேலேயே ஊன்றிக்கொண்டு நின்றிருக்கிறாள். பாதி வேலை ஆவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. "நீங்க மெஷின ஓட்டலம்மா, பிடிச்சு நிறுத்தி வெச்சிருக்கீங்க" என்றாராம் பயிற்றுநர். மறுதேர்வு ஒன்றுதான் பாக்கி. அருகிலுள்ள உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்று இந்த வகுப்பில் தேறியவர்களைத்தான் எடுக்கிறது. இவள் தேறாவிட்டால் அந்த வேலை இல்லை. திரும்பிப் போவதற்குத் தையல் கடையும் இல்லை.

மறுதேர்வு முடிந்து மாலையில் வந்தவள், கோட்டைக்கூடக் கழற்றாமல் அப்பாவின் வலது உள்ளங்கையில் ஒரு அலுமினியத் துண்டை வைத்தாள். நடுவில் ஒரு பள்ளம், மூலைக்கொரு துளை, ஒரு ஓரத்தில் மட்டும் கொஞ்சம் பிசிறு.

"என்னம்மா ஆச்சு?"

"பாஸு."

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்கா இவ்வளவு பாடு? பேப்பர் பறக்காம வைக்கலாம்."

"குடுங்க இப்படி! உங்க பஸ்ஸுக்குள்ளயும் இந்த மாதிரிதான் ஆயிரம் இருந்திருக்கும்."

சிவப்புப் பட்டனிலிருந்து எப்படிக் கையை எடுத்தாய் என்று கேட்டேன்.

"அது எங்க தானா வந்துச்சு, நர்ஸம்மா! நீளமெல்லாம் தாள் வெச்சுப் பாத்தேன். மறுபடியும் பாத்தேன். கட்டிக்கு மேல காத்துல ஒரு தடவை ஓட்டினேன். எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. அதுக்கு மேலயும் பிடிச்சுக்கிட்டு நின்னா, நான் எழுதினத நானே நம்பலன்னுதானே ஆகுது? வேகத் திருக முழுசாத் திறந்துட்டு, பச்சைய அமுக்கிட்டு, ரெண்டு கையையும் பைக்குள்ள போட்டுக்கிட்டேன்."

பையிலிருந்த தாள்களை எடுத்துக் காட்டினாள். எல்லாம் கசங்கி, வியர்வையில் ஊறி, உருண்டையாகிக் கிடந்தன.

மறுநாள் காலை நான் போனபோது அவள் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பும் நேரம். அப்பாவுக்குக் குளியலறைக்குப் போக வேண்டும். அவள் மண்டியிட்டு வாக்கரின் கால்களுக்கு அடியில் தாளைச் செருகிப் பார்த்தாள். புதுத் தாள். எழுந்து பின்னால் போய் நின்றாள். பட்டையில் கை விழும் என்று அவர் காத்திருந்தார். விழவில்லை.

"கண்டக்டர் ஏறியாச்சா?"

"ஏறலப்பா. போலாம், ரைட்."

அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு வாக்கரை எடுத்து முன்னால் வைத்தார். நான் குளியலறைக் கதவை ஒட்டி நின்றுகொண்டேன். பாதி வழியில் இடது கால் இழுத்தது. உடம்பு சற்றுச் சாய்ந்து நிமிர்ந்தது. அவளுடைய கோட்டுப் பைகள் இரண்டும் முட்டிக்கொண்டு புடைத்தன. கைகள் வெளியே வரவில்லை.